அடுத்த வீட்டால போ

கிழக்கு லண்டனில், ஒரு முனையில் ரயில் பாதையும் மறு முனையில் பஸ் ஓடும் பெருந்தெருவும் இருக்க, நடுவில் விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் வீடுகள் பதினாறு ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்ற சின்னத் தெருவொன்றில், மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்று விடிந்தபோது, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர்கள் இல்லாமற் போயிருந்தன.

இடிந்து விழவில்லை. இடிந்திருந்தால் தூசி கிளம்பியிருக்கும், கல் குவிந்திருக்கும், ஒருவராவது சத்தம் கேட்டு எழும்பியிருப்பார். சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படங்களும், சாமிப் படங்களும், செத்துப்போனவர்களின் படங்களும் கண்ணாடி உடையாமல் தரையில் மல்லாந்து கிடந்தன. அவற்றைத் தாங்கிய சுவர் மட்டும் இல்லை.

அந்த வீடுகளைக் கட்டியவன் சிக்கனக்காரன். பதினாறு வீட்டுக்கும் ஒரே நீளச் சிலேட்டுக் கூரை போட்டான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர் வைத்தான், அதுவும் ஒரு செங்கல்லின் நீளமே தடிப்பாக. மாடிப்படியை அந்தச் சுவரில் ஒட்டினான், புகைபோக்கியை அந்தச் சுவருக்குள்ளால் ஏற்றினான், மேல்மாடியின் மரங்களையும் அதிலேதான் ஊன்றினான். ஆகவே சுவர் போனதும் எல்லாம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. மாடிப்படிகள் அந்தரத்தில் நின்றன, பிள்ளைகள் வழமைபோல ஏறி இறங்கினார்கள். கூரைக்கு மேல் புகைபோக்கிகள் கீழே ஒன்றுமில்லாமல் வரிசையாக நின்றன, புறாக்கள் வழமைபோல அவற்றில் வந்து இருந்தன. நகரசபையிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தெருவை ஒருமுறை உள்ளுக்குள்ளாலேயே நடந்து பார்த்து, நியாயப்படி இந்தத் தெரு விழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

ரயில் பாதையோரம் இருந்த முதல் வீட்டில் வதனி இருந்தாள். கலியாணம் பேசி ஊரிலிருந்து வந்து ஒன்பது வருசம். புருசன் குகநேசன் ஒரு பெரிய மருந்துக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். கோயில் தேருக்கு முதல் ஆளாக வடம் பிடிப்பவன், செத்தவீடுகளுக்கு முதல் ஆளாகக் கதிரை தூக்குபவன். நாலு பேருக்கு முன்னால் பெண்சாதியை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்குள் அந்த ‘நீர்’ எப்போது ‘நீ’ ஆகிறதோ அப்போது வதனிக்கு விளங்கும். முதலில் படுக்கையறை யன்னலை இழுத்துச் சாத்துவான். பிறகு ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, பாவிக்காத பழைய கணப்படுப்பின் மேல்தட்டில் பத்திரமாக வைப்பான். வேலைக்குப் போகும்போது வாசற்கதவை வெளியால் பூட்டுவான், திறப்பு அவனிடம்தான். முன்யன்னல்கள் எந்தக் காலத்திலோ பெயின்ற் பூசி இறுகிப்போனவை, பின்வளவுக்கு அங்கால் ரயில்வே வேலி. பொலிசைக் கூப்பிட்டால் விசா போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தான், அது பொய் என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வதனி துவாயை வாயில் வைத்து அழப் பழகியிருந்தாள். சத்தம் வெளியே போகாதென்று அவள் நம்பினாள். வெள்ளைக்காரன் கட்டின சுவர், இரண்டு உலகச் சண்டையில் குண்டு விழுந்தும் அசையாமல் நின்ற சுவர், ஒரு பொம்பிளையின் சத்தத்தையா அங்காலே விடப்போகிறது. பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்கா சில காலைகளில் கூப்பிட்டு யன்னலால் புட்டுக் கிண்ணம் நீட்டுவாள், முன்யன்னல் ஒன்றின் மேற்பாதி மட்டும் ஒரு சாண் திறக்கும், அதனால் வதனி வாங்குவாள். “என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு, நித்திரை இல்லையோ?” என்று அக்கா கேட்பாள். வதனி தலையிடி என்பாள். இருவரும் தலையிடிக்கு என்ன நல்லதென்று கதைப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை வதனி கண்விழித்தபோது, அவளுடைய தலையணைக்கு ஒரு முழம் அங்கால் இன்னொரு தலையணை இருந்தது. அதில் ஞானேஸ்வரி அக்காவின் தலை இருந்தது. ஒன்பது வருசமாக இரண்டு கட்டில்களும் ஒரு செங்கல்லின் இரண்டு பக்கத்திலும் தலைக்குத் தலை வைத்துக் கிடந்திருக்கின்றன. அக்கா ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தாள். வதனி அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடியும் ஒரு முழத்தைப் பார்த்தாள்.

“குளிருது பிள்ளை,” என்றாள் அக்கா. “போர்த்துக்கொண்டு படும்.” சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தெரு அதைப் பழகிக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. முகாமில் இருந்தவர்கள், பங்கரில் இருந்தவர்கள், வந்த புதிதில் ஒரு அறையில் பத்துப் பேர் படுத்தவர்கள், இவர்களுக்குச் சுவர் இல்லாமல் இருப்பது புதிதில்லை. அக்காவின் புருசன் பஞ்சலிங்கம் கோயில் நிர்வாகசபையில் இருந்தவர், அவர்தான் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு ஒருவரும் வெளிக்கிட்டு வரவேண்டியிருக்கவில்லை, அவரவர் முன்னறையில் அவரவர் கதிரையில் இருந்தபடியே கூட்டம் நடந்தது. ரயிலின் பெட்டிகளைப் போல ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பதினாறு முன்னறைகளும் தெரிந்தன, பதினாறு சோபாவும் பதினாறு டிவியும் தெரிந்தன. சுவர் நின்ற இடத்தில் சோக்கால் கோடு கீறுவதென்று முடிவானது. கோட்டைத் தாண்ட முதல் வாயால் ‘டக் டக்’ என்று சொல்லவேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே நாடகம் பார்த்தால் சத்தம் குழம்பாது. வெள்ளிக்கிழமையில் ஒருவரும் மீன் பொரிக்கக் கூடாது. சேலை கட்டி மறைத்துப் பார்த்தார்கள், விடிந்தபோது சேலைகள் அழகாக மடித்துத் தரையில் கிடந்தன. ஒருவர் ஆள் பிடித்துப் புதுச் செங்கல் அடுக்கினார், அடுத்தநாள் கல்லும் இல்லை சாந்தும் இல்லை. பிறகு விட்டுவிட்டார்கள்.

ஒரேயொரு கோட்டில் மட்டும் தெரு அப்படி விட்டுக்கொடுக்கவில்லை.

பெருந்தெருப் பக்கத்துக் கடைசி வீட்டில் பரிமளம் என்றொரு பொம்பிளை தனியாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பஸ் ஓட்டுபவள். அவள் வீட்டில் ஒருவரும் தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை. ஏனென்று ஒருவரும் சொல்வதுமில்லை. ஊரில் அவளுடைய தகப்பன் யாருடைய வளவில் என்ன தொழில் செய்தார் என்பதை, சட்டிபானையைக்கூட விட்டுவிட்டு உயிரோடு தப்பி வந்தவர்கள் யாரோ பத்திரமாக லண்டன் வரைக்கும் சுமந்து வந்து சேர்த்திருந்தார்கள். அவளுடைய வீட்டுக்கும் அதற்கு முந்திய வீட்டுக்கும் நடுவில் சோக்குக் கோடு போதாதென்று எல்லாருக்கும் பட்டது. கோட்டில் எதைக் கட்டினாலும் நிற்காது, ஆனால் கோட்டுக்கு இங்கால் தளபாடம் வைக்கலாம். தெருவில் இருந்த அலுமாரிகளையெல்லாம் கொண்டுவந்து, கீழேயும் மேலேயும் முதுகை அந்தப் பக்கம் காட்டி நெருக்கி அடுக்கினார்கள். அலுமாரி முழுக்க அந்த ஒரு கோட்டுக்கே செலவானதால் மற்ற வீடுகளில் உடுப்புகள் கதிரைகளில் குவிந்து கிடந்தன, அதற்கு ஒருவரும் முறைப்படவில்லை. வதனியும் தன்னுடைய அலுமாரியைக் கொடுத்தாள். கேட்டார்கள், கொடுத்தாள். குகநேசன்தான் முன்னால் நின்று தூக்கினான்.

அந்த நாட்களில் குகநேசன் அடிக்கவில்லை. யன்னலைச் சாத்தி என்ன, ரேடியோவைக் கூட்டி என்ன, கண்கள் எல்லாப் பக்கமும் இருந்தன. காலையில் எழும்பிப் பெண்சாதிக்குத் தேத்தண்ணி போட்டான். “இந்தாரும், சூடாய்க் குடியும்,” என்றான். மகள் ஆரணிக்கு ஆறு வயது, அவளை மடியில் வைத்துத் தலை பின்னினான், பிழையாகப் பின்னி, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து தானும் சிரித்தான். வதனியின் கன்னத்தில் சதை பிடித்தது. அவள் அடுப்படியில் நின்று பாட்டொன்றை முணுமுணுத்தபோது, நாலு வீடு தள்ளி யாரோ அதன் அடுத்த அடியை எடுத்துப் பாடினார்கள். பஞ்சலிங்கம் சுவர்கள் திரும்பி வரவேண்டி ஒவ்வொரு வெள்ளியும் அபிசேகம் செய்வித்தார், தெருவே கைகூப்பி நின்றது. வதனியும் கைகூப்பி நின்றாள். வரக்கூடாது, வரக்கூடாது, ஒருநாளும் வரக்கூடாது என்று கும்பிட்டாள்.

ஏப்ரல் முடிவில் ஆரணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரீச்சர் சொன்ன ஒன்றைக் குகநேசன் பிழையாக விளங்கிக்கொண்டு பதில் சொன்னான். வதனி, “இல்லையப்பா, அவ கேட்டது வேற,” என்று திருத்திவிட்டாள். ரீச்சர் சிரித்தாள். குகநேசனும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே வந்தான்.

அன்றிரவு எல்லாரும் சாப்பிடும் நேரம். எல்லா முன்னறையிலும் சாப்பாட்டுக் கோப்பைகள் மடியில் இருந்தன, எல்லா டிவியிலும் ஒரே மாமியார் அழுதுகொண்டிருந்தாள். குகநேசன் கடிகாரத்தைக் கழற்றி மேல்தட்டில் வைத்தான். “நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?” என்று கேட்டு, வதனியின் கன்னத்தில் அறைந்தான்.

அந்தச் சத்தம் முதல் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு சுவரிலும் தட்டாமல், வீடு வீடாகப் போய், கடைசியில் அலுமாரிகளில் முட்டி நின்றது. தெரு முழுக்க ஒரு கையும் அசையவில்லை. வதனி கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், வரிசையாக முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, இத்தனை முகங்கள், இத்தனை கண்கள். இனி யாராவது எழும்புவார்கள் என்று நினைத்தாள். உண்மையில் ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எங்கேயோ ஒரு கரண்டி கோப்பையில் தட்டுப்பட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாக் கரண்டிகளும். பஞ்சலிங்கம் டிவியைக் கூட்டினார். ஞானேஸ்வரி அக்கா மெல்ல எழும்பினாள், வதனி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா தன்னுடைய கதிரையைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு அதில் அமர்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகு குகநேசன் யன்னல் சாத்துவதில்லை, ரேடியோ போடுவதுமில்லை. முன்பு அவனுக்கு ஒரு பயம் இருந்தது, யாருக்காவது தெரிந்துவிடும் என்ற பயம். அது போய்விட்டது. எல்லாருக்கும் தெரிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. களஞ்சியத்தில் பிரச்சினையென்றால் அடித்தான், பிரச்சினை இல்லாவிட்டாலும் அடித்தான், முன்னறையில் அடித்தான், மாடிப்படியில் அடித்தான். தெருவும் தன் பங்குக்கு நாகரிகமாக நடந்துகொண்டது. அவன் கடிகாரத்தில் கை வைத்ததும் கதிரைகள் திரும்பும் சத்தம் வீடு வீடாகப் போகும், முடிந்ததும் மறுபடி திரும்பி வரும். அடுத்தநாள் கோயிலில் ஒருவரும் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. அது அவர்களுடைய வீட்டு விசயம், கோடு கீறினது அதற்குத்தானே என்றார்கள். மே நடுவில் கதிரைகளைத் திருப்புகிற வேலையும் இல்லாமற் போயிற்று. எல்லாரும் அவற்றை நிரந்தரமாகவே முதல் வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டுவிட்டார்கள்.

அதுவரை வதனி தாங்கினாள். தாங்காமற் போனது அடியால் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குகநேசன் கடிகாரத்தைக் கழற்றினான். ஆரணி தன்னுடைய சின்னப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து படம் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் எழும்பவில்லை, அழவில்லை, அம்மாவிடம் ஓடவில்லை. கதிரையைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து தீட்டத் தொடங்கினாள்.

அடுத்தநாள் நிர்வாகசபைக் கூட்டத்துக்குக் குகநேசன் வெளிக்கிட்டான். பஞ்சலிங்கமும் அவனும் ஒன்றாகப் போனார்கள். போகும்போது வழக்கம்போல வாசற்கதவை வெளியால் பூட்டினான். திறப்பு திரும்பும் சத்தத்தைக் கேட்டபடி நின்ற வதனிக்கு, அப்போதுதான், இந்த வீட்டுக்கு இப்போது பதினாறு வாசல் என்று உறைத்தது. இத்தனை நாளும் சோக்குக் கோடு அவளுக்கும் சுவராகத்தான் இருந்திருக்கிறது. பிள்ளையின் உடுப்பு இரண்டைப் பையில் வைத்தாள். ஆரணியின் கையைப் பிடித்தாள். ‘டக் டக்’ என்று சொல்லாமல் கோட்டைத் தாண்டினாள்.

ஞானேஸ்வரி அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தவள், ஈரக்கையோடு ஓடிவந்து தன் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“எங்க பிள்ளை வெளிக்கிட்டனீர்?”

“கதவைத் திறவுங்கோ அக்கா. நான் போறன்.”

அக்கா பையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கித்தான் இருந்தது. “எனக்கு விளங்குது. விளங்காமல் இல்லை. ஆனால் எங்கட கதவால போனா நாங்கள்தான் அனுப்பினதெண்டு வரும். இவரும் அவரும் ஒரே சபையில இருக்கினம். நீர் அடுத்த வீட்டால போம்.”

அடுத்த வீட்டில் இளம் புருசனும் பெண்சாதியும். பெண் கதவுப்பக்கம் ஓரடி வைத்தாள், புருசன் அவளுடைய கையைப் பிடித்தான். “எங்களுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை அக்கா. பொலிஸ் கேள்வியெண்டு வந்தால்... அடுத்த வீட்டால போங்கோ.” அதற்கடுத்த வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்த நேரத்தில் ஒரு கதை வரக்கூடாது, அடுத்த வீட்டால போ பிள்ளை. அதற்கடுத்த வீட்டில் செத்தவீட்டுத் துடக்கு, அடுத்த வீட்டால போ. ஒருவர், குகநேசன் என்ர கூட்டாளி, நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன், இப்ப திரும்பிப் போம் என்றார், திரும்பமாட்டேன் என்றதும், அப்ப அடுத்த வீட்டால போம் என்றார். சோபாக்களையும் உடுப்புக் குவியல்களையும் சாமிப் படங்களையும் கடந்து, எல்லாருடைய சமையல் மணத்துக்குள்ளாலும், தாயும் மகளும் நடந்தார்கள். எல்லாரும் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. ஒரு வீட்டில் ஆரணிக்கு பிஸ்கற் கொடுத்தார்கள்.

கடைசிக்கு முந்திய வீட்டில் பென்சன் எடுத்த மனிதர் ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தன் கதவைப் பற்றி அவள் கேட்க முதலே, “எங்கட கதவு பழுது,” என்றார். வதனி அலுமாரிகளைப் பார்த்து நடந்தபோதுதான் பேப்பரை இறக்கினார். “அங்காலையோ? அங்க ஏன் பிள்ளை? அங்க ஒருத்தரும் போறதில்லை.”

வதனி பையை வைத்துவிட்டு, தோளைக் கொடுத்து ஒரு அலுமாரியைத் தள்ளினாள். அது அவளுடைய அலுமாரி. கதவில் ஆரணி ஒட்டிய பூனைப் படம் இருந்தது. நேற்றைய அடி பட்ட தோள் அது, வலி கண்ணை மறைத்தது. அலுமாரி அசையவில்லை. மறுபடி தள்ளினாள். அப்போது அது தானாகவே நகர்ந்ததுபோல நகர்ந்தது, அங்காலிருந்து யாரோ இழுத்தார்கள்.

பரிமளம் பஸ் கொம்பனிச் சட்டையோடு நின்றாள், வேலைக்கு வெளிக்கிட்ட கோலம். வதனியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

“எல்லா வீட்டாலயும் வந்தனீரோ?”

“ஓம்.”

“ஒருத்தரும் திறக்கேல்லை.”

“இல்லை.”

“நான் கடைசி ஆள்,” என்றாள் பரிமளம். சொன்ன விதத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. “சத்தம் எனக்கும் கேட்டதுதான். நான் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?”

மூன்று வருசத்துக்கு முதல் கோயில் வீதியில் இவள் நீட்டிய மோதகத்தை, விரதம் என்று சொல்லித் தட்டிக்கழித்தது வதனிக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு விரதம் இல்லை. “தண்ணி கொஞ்சம் தாங்கோ அக்கா,” என்றாள்.

பரிமளம் குசினிக்குப் போய் இரண்டு கிளாஸ் கொண்டுவந்தாள். வதனி குடித்தாள், ஆரணி குடித்தாள். பிறகு பரிமளம் வாசற்கதவைத் திறந்தாள். அது பூட்டியே இருக்கவில்லை. வெளியே வெயில் எறித்தது, பெருந்தெருவில் பஸ்கள் போயின.

“டிப்போவுக்குப் பக்கத்தில பொம்பிளையளுக்கு உதவி செய்யிற இடம் ஒண்டு இருக்கு. நான் ஆக்களை இறக்கியிருக்கிறன். வாரும்.”

குகநேசன் திரும்பி வந்தபோது தெரு முழுவதும் தத்தம் கதிரையில் இருந்தது. அவள் எந்த வீட்டால் போனாள் என்று கேட்டான். எங்கட கதவால போகேல்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், ஒருவர் சொன்னதும் பொய்யில்லை. அலுமாரியைத் திரும்பவும் நெருக்கி வைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது சுவர்கள் வந்து நின்றன. அதே செங்கல், அதே ஒரு கல் தடிப்பு, அதே பழைய பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டியபடி. பஞ்சலிங்கம் நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பித்தார். பதினாறு வீட்டாரும் படங்களை எடுத்து ஆணியில் மாட்டினார்கள், அலுமாரிகளைச் சுமந்துபோய்த் தத்தம் வீட்டில் வைத்தார்கள், கதிரைகளை விரும்பிய பக்கம் திருப்பிப் போட்டார்கள். அன்றைக்குத் தெரு நிம்மதியாக நித்திரை கொண்டது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், தமிழ்க்கடையொன்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த வதனியை ஞானேஸ்வரி அக்கா கண்டுவிட்டாள். ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வதனி வேறொரு பகுதியில் சின்ன அறையொன்றில் பிள்ளையோடு இருந்தாள், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். அதையெல்லாம் அக்கா கேட்கவில்லை.

“நீர் போனாப் பிறகு நாங்கள் பட்ட பாடு பிள்ளை. சுவர் வந்தபடியால் தப்பிச்சம். எவ்வளவு நாள் அந்தச் சீவியம், ஒருத்தற்ற முகத்தில ஒருத்தர் முழிச்சுக்கொண்டு. ஆனால் உங்கட அவரைப் பார்க்கத்தான் ஏலாமல் கிடக்கு. மெலிஞ்சு போனார். நாங்கள் வீட்டுக்கு ஒரு நாள் எண்டு முறை வச்சுச் சாப்பாடு குடுக்கிறம். தனி ஆம்பிளை, பாவம். இண்டைக்கு என்ர முறை. இந்த முருங்கைக்காய் அவருக்குத்தான்.”

வதனி கையை விடுவித்துக்கொண்டாள். அக்காவின் கூடையில் இருந்த முருங்கைக்காய்களைப் பார்த்தாள். முற்றல், சதைப்பற்று இல்லை. தான் தெரிந்தெடுத்து வைத்திருந்ததில் நல்லதாக நாலை எடுத்து அவளுடைய கூடையில் போட்டாள்.

“கறியைச் சூடாய்க் கொண்டுபோகாதேங்கோ அக்கா,” என்றாள். “எறிஞ்சா முகத்தில படும்.”